படகில் பறவை எச்சம்: ஆசிட் வேண்டாம், ஊறவிடுங்கள்

(வேளாண்மை அலுவலர், அண்ணாமலை நகர்)

கேள்வி: கிள்ளை பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் நெல்லும் ஒரு ஃபைபர் படகும் உண்டு. அறுப்பு வேலை முடியும்வரை படகை உப்பனாற்றில் கட்டிப் போட்டிருந்தேன். இப்போது போய்ப் பார்த்தால் கொக்கும் நீர்க்காகமும் உட்கார்ந்து உட்கார்ந்து, சுண்ணாம்பு அடித்தது போல எச்சம் காய்ந்து கிடக்கிறது. கால் வைத்தால் வழுக்குகிறது. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் போய்விடும் என்கிறார் ஒருவர். மீனில் குருணை மருந்தைத் தடவிப் படகில் போட்டுவிடு, பறவையே வராது என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டாவது யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யவே செய்யாதீர்கள். பயிருக்கென்று விற்கும் குருணை மருந்தை மீனில் வைத்தால் கொக்கு மட்டும் சாகாது. செத்த கொக்கைத் தின்னும் நாய் சாகும், மிச்ச மீன் தண்ணீரில் விழுந்தால் இறாலும் நண்டும் சாகும். அதே மீனை ஒரு பிள்ளை கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பறவைகளைக் கொல்வது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. பிச்சாவரம் சதுப்புநிலக் காடு 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பறவை வருகிற இடத்தில்தான் நீங்கள் படகு கட்டியிருக்கிறீர்கள்.

இனி ஆசிட். வெள்ளையாக இருப்பதால் எல்லோரும் அதைச் சுண்ணாம்பு என்றே நினைக்கிறார்கள். சுண்ணாம்பு என்றால் ஆசிட்டில் பொங்கிக் கரையும். ஆனால் பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் யூரிக் அமிலம். பறவைக்குச் சிறுநீர் தனியாக வருவதில்லை. உடம்பின் கழிவைத் தண்ணீரை மிச்சப்படுத்திக் கூழாக வெளியேற்றுகிறது. அந்த அமிலம் வெறும் தண்ணீரில் லேசில் கரையாது, ஆசிட்டிலும் கரையாது. காரத்தில்தான் கரையும். ஆகவே ஆசிட் கறையை விட்டுவிட்டு உங்கள் படகைத்தான் தின்னும். ஃபைபர் படகின் மேலே பளபளப்பாக இருக்கிற ஜெல்கோட் பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது போனால் உள்ளே கண்ணாடி நாரில் தண்ணீர் இறங்கும், படகு கனக்கும். கொக்கி, ஆணி, என்ஜினின் அலுமினிய பாகம் எல்லாம் அரிக்கும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் அதே கேடுதான். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த கறை இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

செய்ய வேண்டியது இது. படகைக் கரையேற்றுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடியே சுரண்டாதீர்கள். தூசி மூச்சில் போனால் நுரையீரல் நோய்க்கு வழி. மூக்கில் துணி கட்டி, கையுறை போட்டு, முதலில் தண்ணீர் தெளியுங்கள். பூச்சிமருந்து அடித்த தெளிப்பான் மட்டும் வேண்டாம். நனைந்த கோணிச் சாக்கை மேலே விரித்து அரை மணி நேரம் விட்டால் கட்டி இளகிவிடும். மரச் சில்லு அல்லது பிளாஸ்டிக் தகடால் தள்ளி எடுங்கள். பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்புத்தூளும் கலந்து ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். அலுமினியத்தின்மேல் சோடாத் தண்ணீரைத் தங்கவிடாதீர்கள், அதைக் கறுக்கடித்துவிடும். முக்கால்வாசிப் படகுக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் பழுப்பாக நிழல் தெரிந்தால் அது எச்சமாக இருக்காது. பிச்சாவரத்துத் தண்ணீரில் சுரபுன்னைப் பட்டையின் துவர்ப்புச் சாறு இறங்கி நிற்கிறது. தண்ணீர்க் கோட்டில் படிகிற பழுப்பு அதுதான். ஆணியைச் சுற்றி இருப்பது துரு. இந்த இரண்டுக்குத்தான் அமிலம் உதவும், அதுவும் மெல்லியது. புளிக்கரைசலை முதலில் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆக்ஸாலிக் அமிலத் தூளை லிட்டருக்கு 50 கிராம் கரைத்து, ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் பூசி, 10 நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது விஷம், சர்க்கரை மாதிரி இருக்கும், வீட்டில் திறந்து வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரை எச்சத்தின்மேலும் போடாதீர்கள், எந்த அமிலத்தோடும் சேர்க்காதீர்கள். கிளம்பும் வாயு மூச்சை அடைத்துவிடும்.

தேய்க்க அக்கம்பக்கத்து இலைதழையை ஒடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தில்லை மரத்தை மட்டும் தொடாதீர்கள். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம்தான், ஆனால் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகாமல் மணலில் இறங்கட்டும். காய்ந்ததும் கார் மெழுகு ஒரு கை பூசினால் அடுத்த எச்சம் ஒட்டாது. தார்ப்பாயைக் கூரை மாதிரி சரிவாகக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் அதன்மேல் உட்காரும். வயலில் கட்டுகிற மினுமினுப்பு நாடா இரண்டு வாரம் வேலை செய்யும், பிறகு பறவைக்குப் பழகிவிடும், இடம் மாற்றிக் கட்ட வேண்டும். பழைய வலையைப் போர்த்தாதீர்கள், கால் சிக்கிச் செத்துத் தொங்கும். எல்லாவற்றையும்விட, மீன் குப்பையைப் படகிலேயே விட்டு வராதீர்கள். பாதிப் பறவை அதற்குத்தான் வருகிறது.

கேள்வி: சேத்தியாத்தோப்பு பக்கம் எங்கள் களத்து மேட்டுத் தூங்குமூஞ்சி மரத்தில் நூற்றுக்கணக்கில் கொக்கு அடைகிறது. அடியில் விழும் எச்சத்தை நெல்லுக்குப் போடலாமா?

பதில்: தாராளமாக. யூரிக் அமிலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு தழைச்சத்து. கூடவே மணிச்சத்தும் உண்டு. வேடந்தாங்கல் விவசாயிகள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று பறவைகளைக் காத்தார்கள். சுடக்கூடாது என்று 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் எழுதியே வாங்கினார்கள். கூந்தன்குளத்திலும் எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு அள்ளுகிறார்கள்.

பச்சையாகப் போட்டால் பயிர் கருகும். ஒரு கூடை எச்சத்துக்குப் பத்துக் கூடை மக்கிய சாணமோ மண்ணோ கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரண்டு மாதம் வையுங்கள். சாம்பலும் சுண்ணாம்பும் சேர்க்காதீர்கள். தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். கடைசி உழவில் போட்டு, யூரியாவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் நாளில் மரத்தடியில் நடமாட வேண்டாம்; அது பறந்த பிறகு தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.