ரெக்கார்டர் வாங்குங்கள், பெட்டியில் உள்ள எண்களை நம்பி அல்ல!

கையடக்க ஆடியோ ரெக்கார்டர் ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். எல்லார் கையிலும் மொபைல் போன் இருக்கும் காலத்தில் இது சற்று வியப்பான கேள்விதான். கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். பாட்டு அல்லது வாத்தியம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு வகை. வீட்டில் உள்ள தாத்தா, பாட்டியின் பேச்சைப் பதிந்து வைக்க விரும்புபவர்கள் இன்னொரு வகை.

இரண்டாவது வகையினருக்கு அவசரம் உண்டு. பாட்டு வகுப்பு அடுத்த வாரமும் நடக்கும். ஆனால் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி பாடும் தாலாட்டையும், தாத்தா சொல்லும் ஊர்க்கதையையும் அடுத்த ஆண்டு பதிந்து கொள்ளலாம் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஒரு முறைதான் வாய்ப்பு; அதில் ஒழுங்காகப் பதிவாக வேண்டும்.

ஆனால் வாங்கப் போகிறவர்கள் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைத்தான். 96 கிலோ ஹெர்ட்ஸ், 32 பிட், 500 மணி நேரம் என்று அவை கண்ணைப் பறிக்கும். என் கருத்து இதுதான்: இந்த எண்களில் ஒன்றுகூட நல்ல பதிவுக்கு உத்தரவாதம் தராது. நாம் கவனிக்க வேண்டிய முதல் எண் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை. அது, பேசுபவரின் வாய்க்கும் மைக்கிற்கும் இடையே உள்ள தூரம்.

ஒரு சாண் கணக்கு

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் மைக்கை அடையும் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மைக்கை நான்கு சாண் தூரத்திற்கு, அதாவது சுமார் மூன்று அடிக்குத் தள்ளி வைத்தால் 12 டெசிபல் குறைந்துவிடும். குரலின் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் மின்விசிறியின் இரைச்சலும், பிரிட்ஜ் ஓடும் சத்தமும், தெருவில் செல்லும் ஆட்டோவின் ஒலியும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதோடு வீட்டுச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் குரலுக்குச் சமமாக வந்து நிற்கும். கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் ஒரு பதிவு கேட்டால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரெக்கார்டராக இருந்தாலும், கூடத்தின் மூலையில் டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தால், ஒரு சாண் தூரத்தில் வைத்த சாதாரண மொபைல் போனிடம் அது தோற்றுப் போகும். எனவே பாட்டியின் பேச்சு மட்டும்தான் நோக்கம் என்றால், இன்றே உங்கள் போனை எடுத்துத் தொடங்கி விடுங்கள். ரெக்கார்டர் வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று நாளைத் தள்ள வேண்டாம்.

அப்படியானால் ரெக்கார்டர் எதற்கு?

போனில் பதிவதில் சில தொல்லைகள் உள்ளன. நடுவில் யாராவது அழைத்தால் பதிவு தடைபடலாம். போனில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதி மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. தம்புராவின் சீரான ஒலியை அது இரைச்சல் என்று நினைத்துக் குறைத்துவிட வாய்ப்புண்டு. இவற்றைவிடப் பெரிய தொல்லை, போனை மாற்றும்போது வருவது. போட்டோக்களைப் பத்திரமாக மாற்றிக் கொள்பவர்கள், ஆடியோ பைல்கள் எங்கே இருக்கின்றன என்றே பார்ப்பதில்லை. இன்னும் சிலர் பாட்டியின் குரலை வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக மட்டுமே வைத்திருக்கிறார்கள். அது அளவு சுருக்கப்பட்ட பதிவு. சுருக்கும்போது விட்டுப்போன ஒலியை எந்த சாப்ட்வேராலும் முழுமையாகத் திரும்பக் கொண்டுவர முடியாது.

தனி ரெக்கார்டரின் பலம், அதற்கு வேறு வேலை இல்லை என்பதுதான். பட்டனை அழுத்தினால் பதியும். கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் பைல் கண் முன்னே இருக்கும். பேசுபவரும் சிறிது நேரத்தில் அதை மறந்துவிடுவார். நம் கையில் இருக்கும் போனைப் பார்த்தால், "யாருக்கோ போன் வருது போல, நீ பேசு" என்று பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எண்களின் உண்மையான பொருள்

மனிதக் காது கேட்பது அதிகபட்சம் சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை. சிடியின் தரமான 44.1 கிலோ ஹெர்ட்ஸ் என்பது 22 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பதியும். வயதானவரின் பேச்சுக்கு 96 கிலோ ஹெர்ட்ஸ் தேவை இல்லை. ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் டிஜிட்டல் பதிவுகளுக்குப் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். வீட்டிற்கு இது தாராளமாகப் போதும்.

24 பிட் என்பது மட்டும் உண்மையிலேயே பயன் தரும் எண். ஒலி அளவைச் சற்றுக் குறைத்துப் பதிந்து, பின்னர் கம்ப்யூட்டரில் கூட்டிக் கொள்ள அது இடம் தரும். புதிதாக வந்துள்ள 32 பிட் ப்ளோட் வசதி இதில் இன்னும் ஒரு படி மேல். 2024ல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல் (இது ஜப்பானிய ஆடியோ நிறுவனம், வீடியோ கூட்டங்களுக்கான ஜூம் அல்ல) ரெக்கார்டரில் லெவல் வைக்கும் வேலையே கிடையாது. புதியவர்களுக்கு இது நல்ல வசதிதான். ஆனால் தவிலுக்கு மிக அருகில் வைத்து மைக்கே திணறிவிட்டால், 32 பிட்டும் காப்பாற்றாது.

500 மணி நேரம் என்பதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி தரத்தில் ஸ்டீரியோ வேவ் பைலுக்கு ஒரு நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. தேவை. 32 ஜி.பி. கார்டில் சுமார் 50 மணி நேரம் பதியலாம். பெட்டியில் போட்டிருக்கும் நூற்றுக்கணக்கான மணி நேரம், மிகவும் சுருக்கிப் பதியும்போது கிடைப்பது. கார்டு விலை குறைந்துவிட்ட நிலையில் அப்படிச் சுருக்க வேண்டிய தேவை இல்லை.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

வேவ் பைலாகப் பதிகிறதா? கார்டைக் கழற்ற முடிகிறதா? ஒலி அளவைக் கையால் மாற்ற முடிகிறதா, அல்லது 32 பிட் ப்ளோட் உள்ளதா? ஹெட்போன் செருக இடம் உண்டா? கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் ஓடுகிறதா? இந்த ஐந்து கேள்விகள் போதும். பேட்டரி கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் உள்ளேயே பொருத்தப்பட்ட பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்தால் நல்ல கருவியும் வீணாகும்.

மைக் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதையும் பாருங்கள். டாஸ்கம் டிஆர்-05எக்ஸ் போன்றவற்றில் உள்ள மைக் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். கூடத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசினால் இது ஏற்றது. ஜூம் எச்1என், டாஸ்கம் டிஆர்-07எக்ஸ் போன்றவற்றின் மைக்குகள் முன்பக்கத்தை அதிகம் கேட்கும். சமையலறைச் சத்தம் ஒரு பக்கம் வரும் வீட்டில், அதற்கு முதுகைக் காட்டி வைத்தால் பலன் தெரியும்.

பேனா வடிவிலும், பென் டிரைவ் வடிவிலும் பெயர் தெரியாத நிறுவனங்களின் ரெக்கார்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, போனிலேயே அருகில் வைத்துப் பதியலாம்.

இரண்டு வசதிகளை நிறுத்தி விடுங்கள்

குரல் வந்தால் மட்டும் பதியும் வசதி பல ரெக்கார்டர்களில் உண்டு. பேச்சு தொடங்கிய பிறகே இது விழித்துக் கொள்வதால் முதல் எழுத்துகள் போய்விடலாம். பெரியவர்கள் நினைவுபடுத்திக் கொள்ள நிறுத்தும் மௌனமும் போய்விடும். அந்த மௌனமும் பேச்சில் ஒரு பகுதிதான்.

அடுத்தது, ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி. பேச்சுக்கு இது பரவாயில்லை. இசைக்கு ஆகாது. மிருதங்கத்தில் ஓங்கி அடித்தவுடன் பாட்டு அமுங்கும்; பாடகர் மூச்சு விடும் இடத்தில் தம்புரா பெரிதாக எழும். இதனை நிறுத்திவிட்டு, மிக உரத்த இடத்திலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடையும். சாதாரண 24 பிட் பதிவில் உடைந்ததைச் சரியாக ஒட்ட வைக்க முடியாது.

பதியும் நாளில்

கதவுகளை மூடி, மின்விசிறியை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் பெரியவர்களுக்கு இது சிரமம் என்றால், இருபது நிமிடம் பதிந்து, பத்து நிமிடம் காற்று வாங்க விடுங்கள். ரெக்கார்டரை மேஜையின் மேல் அப்படியே வைக்காமல், மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேஜையைத் தட்டும் ஒலி குறையும். வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக் காற்று மைக்கில் மோதாது. ஒரு நிமிடம் சோதனையாகப் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பின்னரே தொடங்குங்கள்.

பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர் ஆகியவற்றை நீங்களே சொல்லி விடுங்கள். பைலின் பெயர் மாறினாலும் இந்தத் தகவல் பதிவோடு சேர்ந்தே இருக்கும். பதியப் போவதைச் சொல்லி அனுமதி பெறுவதும் முக்கியம். பாட்டியாக இருந்தாலும், பாட்டு வாத்தியாராக இருந்தாலும், தெரியாமல் பதிவது முறையல்ல. யாருக்கெல்லாம் அனுப்பலாம் என்பதையும் அப்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

பதிந்த பிறகுதான் ஆபத்து

மினி டிஸ்க் என்று ஒன்று இருந்தது நினைவிருக்கலாம். சோனி 1992ல் கொண்டு வந்தது. மைக் வைத்துப் பதிவதற்கு அருமையான கருவி. 2001ல் வந்த நெட் எம்டியில் கம்ப்யூட்டரில் இருந்து பாடல்களை டிஸ்க்கிற்கு அனுப்பலாம். ஆனால் நாமே மைக்கில் பதிந்ததை டிஜிட்டல் பைலாகக் கம்ப்யூட்டருக்கு எடுக்க முடியாது. ஒரு மணி நேரப் பதிவை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் பதிய வேண்டும். 2004ல் வந்த ஹை-எம்டியில்தான் அந்தக் கதவு திறந்தது. 2025 பிப்ரவரியில் காலி டிஸ்க்குகளின் தயாரிப்பையும் சோனி நிறுத்திவிட்டது. பழைய வாய்ஸ் ரெக்கார்டர்களின் டிவிஎப், எம்எஸ்வி, டிஎஸ்எஸ் வகை பைல்களும் இப்படித்தான். அவற்றுக்கென்று உள்ள சாப்ட்வேர் இல்லாமல் திறப்பது கடினம். உங்களிடம் அப்படிப்பட்ட பைல்கள் இருந்தால், படிக்கும் வசதி உள்ளபோதே வேவ் பைலாக மாற்றி விடுங்கள்.

குரல் நன்றாகப் பதிவாகியும் கேட்க முடியாமல் போவது, பதியாமல் விட்டதைவிட வருத்தம் தரும். அதனால்தான் வேவ் என்று வலியுறுத்துகிறேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் எளிய அமைப்பு அது. மூல வேவ் பைலை வெட்டாமல், திருத்தாமல் வைத்திருங்கள். உறவினர்களுக்கு அனுப்ப ஒரு நகல் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாப்ட்வேரில் திருத்தி எம்.பி.3 ஆக மாற்றிக் கொள்ளலாம்.

அன்றைக்கே கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னே வைத்துப் பைலுக்குப் பெயரிடுங்கள். போல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும். ஒரு நகல் கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள அண்ணன் அல்லது தங்கையின் வீட்டில் இருக்கட்டும். கார்டை மட்டும் டப்பாவில் போட்டு பீரோவில் வைப்பது சேமிப்பு ஆகாது.

நல்ல ரெக்கார்டருக்குச் செலவிடும் பணம் வீண் அல்ல. இசை பயில்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் எடுத்துக் கொள்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பெரியவர்களோடு உட்கார ஒதுக்குவதில்லை என்பதுதான் என் குறை. இந்த ஞாயிறு மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் கருவியை ஒரு சாண் தூரத்தில் வைத்து, "உங்க சின்ன வயசுல ஊர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுத் தொடங்குங்கள்.