எட்டுக்கு அடித்த யோகம்

சீன தேசத்தில் எண்களுக்கும் ஜாதகம் உண்டு. எட்டு, ராஜயோகத்தில் பிறந்தது. நாலு, பிறந்ததே பெரிய பாவம்! இதற்குக் காரணம் கிரகங்கள் அல்ல, காதுதான். சீன மொழியில் எட்டுக்கு 'பா' என்று பெயர். செல்வம் பெருகுவதைக் குறிக்கும் 'ஃபா' என்ற சொல்லைப் போலவே அது காதில் விழுகிறது. நாலுக்கு 'ஸு' என்று பெயர். குரலைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சொன்னால் அதுவே மரணமாகிவிடும்! 2008-ம் வருஷம் பீஜிங்கில் ஒலிம்பிக் பந்தயங்களை எட்டாவது மாதம், எட்டாந் தேதி, இரவு எட்டு மணிக்குத் தொடங்கி வைத்தார்கள் என்றால் ஆச்சரியம் என்ன?

பந்தயத்தை எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் யாருக்கும் கைநஷ்டம் இல்லை. இதே நம்பிக்கை ஷேர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால்தான் சங்கடம்.

ஷாங்காய், ஷென்ஜென் மார்க்கெட்டுகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆறு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. 6, 8, 9 நல்ல இலக்கங்கள், 4 ஆகாது. இந்த எண்களை மூன்று பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அலசிப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ராசியான எண்கள் தற்செயலாக அமையக்கூடியதைவிட அதிகமாகவே காணப்பட்டனவாம்! அப்படிப்பட்ட எண்ணோடு வந்த புதிய கம்பெனியின் ஷேர், தொடக்கத்தில் அதன் தகுதிக்கு மேலேயே விலை போயிற்று. மூன்று வருஷத்துக்குள் அந்த மவுசு கரைந்து போயிற்று. ராசியை நம்பி வாங்கியவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவான பலனே கிட்டியது.

எண் மட்டும் என்ன, பெயரும் அப்படித்தான். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் சாதனங்கள் செய்யும் ஒரு சீனக் கம்பெனி இருக்கிறது. அதன் பெயரைக் காதில் கேட்டால், 'டிரம்புக்கு மகத்தான வெற்றி' என்பது போலத் தொனிக்கும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, சீனாவில் அந்தக் கம்பெனியின் ஷேர் விலை ஏறிற்று. டிரம்புக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது!

இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? சிரிக்குமுன் 1992-ம் வருஷத்துக் கதையையும் கேளுங்கள். அந்த ஆகஸ்டில் ஷென்ஜென் நகரில் புதிய ஷேர்களுக்கு விண்ணப்பத் தாள் விற்றார்கள். தாள் ஒன்றுக்கு நூறு யுவான். அதை வாங்கினாலும் ஷேர் நிச்சயமில்லை. குலுக்கலில் பத்தில் ஒன்றுக்குத்தான் யோகம். அதற்கே லட்சக்கணக்கான ஜனங்கள் வெளியூர்களிலிருந்து வந்து, வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்றார்கள். தாள்கள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. அதிகாரிகள் பலர் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள் என்பது தெரிந்ததும் ஆகஸ்டு 10-ந் தேதி பெரிய கலவரமே மூண்டது. மார்க்கெட்டைக் கண்காணிக்க ஒரு கமிஷன் அமைந்தது அதற்குப் பிறகுதான், அந்த அக்டோபரில்.

வரிசையில் ஒழுங்காக நின்றவன் வெறுங்கையோடு திரும்புகிறான். உள்ளே இருப்பவன் பெட்டியை நிரப்பிக்கொள்கிறான். கம்பெனியின் கணக்கு வழக்கு எப்படி என்று விசாரிக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சாமானிய மனிதன் எதைத்தான் பிடித்துக்கொள்வான்? எட்டாம் எண்ணையாவது பிடித்துக்கொள்வோம் என்று நினைக்கிறான். மூடநம்பிக்கை என்று அவனை ஏசுவது சுலபம். கணக்கைத் திறந்து காட்டி, வரிசையில் நின்றவனுக்கு நியாயம் செய்வதுதான் கஷ்டம். அது நடந்தால், எட்டுக்கு இருக்கும் கிராக்கி தானே கொஞ்சம் குறையும்.

அதுவரையில், எட்டு அதிர்ஷ்டம் தருவது என்னவோ வாஸ்தவம்தான். வாங்கினவருக்கு அல்ல, அதைக் காட்டி விற்றவருக்கு!