பாழ்நிலம் எனும் பழிச்சொல்

கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கங்களில் மழை குறைந்த நிலத்தை மேய்ச்சற்கென்றே வேலியிட்டுக் காத்துவரும் உழவர் அதற்குக் கொறங்காடு எனப் பெயரிட்டனர். ஆளும் அலுவலகங்கட்கு வேறு சொல் உண்டு. நடுவணரசு 2000-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட நிலப்படத் தொகுப்பு, புதர்நிலத்தையும் நலிந்த மேய்ச்சல் நிலத்தையும் பாழ்நிலம் எனும் தலைப்பின்கீழ் அடைத்தது. பாழ் என்று எழுதிவிட்டாலோ, எவர் எடுத்தாலும் இழப்பில்லை எனும் எண்ணம் தானே எழுந்துவிடும். முல்லையை ஐந்திணையுள் ஒன்றாக வைத்தெண்ணிய மொழியில் மேய்புலம் பாழாதல் எங்ஙனம்?

கொறங்காடு தானே முளைத்த புதரன்று. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். மழைக்குப்பின் புல் தழைத்து விதை முற்றுமளவும் ஆடுமாடுகளை உள்ளே விடார். பின்னர் ஒரு காட்டில் மேய்த்து, புல்லின் அடிதெரியுமுன் அடுத்த காட்டிற்கு மாற்றுவர். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலின் நெற்று உதிர்ந்து தீனியாகும். பிற உயிர்களும் இம்முறையாலேயே வாழ்கின்றன. மேய்ந்து குறுகிய தரையில் ஆட்காட்டி முட்டையிடும். மேயாது விட்ட புல்லில் காடை பதுங்கும். வேலியடியில் கவுதாரியும் கீரியும் ஓணானும் குடியிருக்கும். சாணியை வண்டு மண்ணுள் புதைக்கும்.

எவரும் நுழையாது விட்டால் இயற்கை தானே செழிக்கும் என்பாரும் உளர். சீமைக்கருவேல் அன்னார்க்கு விடை சொல்லும்! மேய்ச்சல் மிகுந்தால் கொழுக்கட்டைப் புல் வேரற்றுப்போம். மேய்ச்சலே அற்றால் முட்புதர் மூடும். அளவறிந்து மேய்த்தலே காத்தல். மரம் நடுகின்றோம் எனப் புல்வெளியில் குழிதோண்டி ஒளிப்படம் எடுத்துக்கொள்வார் இதனை அறிவாரல்லர்.

2014-இல் உச்ச வழக்குமன்றம் ஏறுதழுவலைத் தடுத்தது. 2017-இல் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டனர். காங்கேயம் காளை தமிழர் பெருமிதத்தின் அடையாளமாயிற்று. நன்று. ஆயின் அக்காளை தின்னும் புல் எங்கே விளைகின்றது என வினவியோர் எத்துணைப் பேர்? வாடிவாசல் திறந்தது, கொறங்காட்டின் படலோ மனைவணிகர்க்குத் திறந்துகொண்டிருக்கின்றது.

விற்கும் உழவரை நோவதற்கில்லை. புல் பணமாகாது, மனை பணமாகும். இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் தாழ்நில இயற்கைப் புல்வெளிகளுள் 97 விழுக்காடு 1930-களுக்கும் 1984-க்கும் இடையே அழிந்தது. அழிந்தபின் அறிவு பிறந்து, 1987 முதல், பழைய முறையில் மேய்த்தும் காலந்தாழ்த்திப் புல்லரிந்தும் காக்கும் உழவர்க்கு அவ்வரசு பணம் கொடுக்கத் தொடங்கிற்று. இங்கோ காப்பதற்கு இன்னும் எஞ்சியுள்ளது. கிளுவை வேலி காப்பார்க்கு ஏக்கருக்கு இவ்வளவென ஆண்டுதோறும் தொகை வழங்குக! வருவாய்த்துறை ஏடுகளில் கொறங்காடு எனும் பெயரையே நிலவகையாய்ப் பதிக! இவ்விரண்டையும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே தமிழ்நாட்டரசு செய்தல் வேண்டும்.