பழைய கட்டடங்கள் யாருக்கு?

பழைய கட்டடம் என்றவுடனே நம் மக்களுக்கு அரசன் கோட்டையும் கோபுரமுமே ஞாபகத்திற்கு வருகின்றன. பாட்டாளி உழைத்த சுரங்கமோ ஆலையோ மூடப்பட்டால், பழைய இரும்பு விலைக்கு அதைத் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம் என்று கருதப்படுகின்றது. கட்டடங்களிலுங்கூட மேல்ஜாதி, கீழ்ஜாதி உண்டு போலும்!

ஜெர்மனி தேசத்து எஸ்ஸன் நகரில் ஸோல்வெரைன் என்னும் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1932-ல் திறக்கப்பட்ட அதன் 12-வது குழி, நாளொன்றுக்கு 12,000 டன் கரி எடுக்கும்படி அமைக்கப்பட்டது. 1986-ல் சுரங்கமும், 1993-ல் அதைச் சேர்ந்த கரிச்சூளையும் மூடப்பட்டன. ஆனால் அவை இடிக்கப்படவில்லை. அம்மாகாண சர்க்கார் இடத்தை வாங்கிக் கட்டடங்களைப் பழுதுபார்க்கச் செய்தது. கொதிகலன் கூடத்தில் 1997-ல் தொழில் வடிவமைப்புக் காட்சிசாலை வந்தது. கரி கழுவிய கட்டடத்தில் 2010 முதல் அப்பிரதேசத்தின் சரித்திரத்தைச் சொல்லும் காட்சிசாலை நடக்கின்றது. 2001-ல் யுனெஸ்கோ சபை அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இதனால் போன வேலையெல்லாம் திரும்பிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் கூலிக்குக் காட்சிசாலை ஈடாகாது. ஆனால் கரி வெட்டியவனின் உழைப்பே அவ்வூரின் சரித்திரம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. அந்த மரியாதை அற்பமானதா?

நிற்க, நம்மவர் சங்கதி என்ன? கோலார் தங்கவயலில் 1880 முதல் 2001 பிப்ரவரி வரை சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி அதை வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர், வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போன தாழ்த்தப்பட்ட வகுப்புத் தமிழர்கள். அச்சுரங்கத்திற்காகவே 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அதன் ஆழத்திலே 1965-ல் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்னும் அணுத்துகளின் அடையாளத்தைக் கண்டார்கள். இவ்வளவு பெருமையுள்ள ஊரின் பிள்ளைகள் இன்று பிழைப்புக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள்.

அங்குள்ள இயந்திரக் கூடங்களும் பட்டறைகளும் ஏன் தொழிற்பள்ளியாகவும், விஞ்ஞானக் காட்சிசாலையாகவும், சிறு தொழிற்சாலையாகவும் ஆகக்கூடாது என்று கேட்கின்றோம். சயனைடு கலந்த மண்மேட்டுத் தூசிக்கு முதலில் பரிகாரம் செய்ய வேண்டியது அவசியமே. அதுவும் அவ்வூராருக்கு வேலை தரக்கூடிய காரியந்தானே?

ஆனால் ஒன்று. துரைமார் பங்களாவுக்கு வர்ணம் அடித்து, பணக்காரர் தங்கும் விடுதியாக்கிவிட்டு, பத்தடி லைன் வீடுகளை இடிப்பதென்றால் அது சரித்திரத்தைக் காப்பதாகாது, மறைப்பதேயாகும். லைன் வீடும் நிற்க வேண்டும். குழியில் மாண்டவர் பெயரும் எழுதப்பட வேண்டும். என்ன செய்வதென்று தீர்மானிக்கும் சபையில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இடம் வேண்டும்.

கல்லைக் கும்பிடுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அந்தக் கல்லைத் தூக்கியவனுக்கு அதில் பாத்தியம் உண்டு என்பதற்காகவே சொல்லுகின்றோம்.