உறுதி இல்லாத காணியில் எத்தனை நாளைக்கு எழுதப் போகிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள், ஆனால் முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இப்போது நம் ஊர்களில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி என்று எங்கு பார்த்தாலும் கவிஞர்கள். அல்ஹம்துலில்லாஹ். முன்பெல்லாம் ஒரு கவிதையைத் தபாலில் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, ஞாயிறு பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து ஏமாறுவோம். புத்தகம் போடுவதென்றால் வீட்டுக்காரியின் நகை அடகுக்குப் போகும். 300 பிரதி அடித்து, விழா வைத்து, பொன்னாடை போர்த்தினால், மிஞ்சியது கட்டிலுக்கு அடியில் கரையானுக்கு. இன்று ஒரு போன் போதும். கொழும்பில் ஆள் இல்லாதவனுக்கும், மேடை ஏறாத நம் பெண்பிள்ளைகளுக்கும் இது பெரிய வாசல். அதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. மூன்று வருடத்துக்கு முந்திய நோன்பில் நீங்கள் எழுதிய பதிவை இப்போது தேடி எடுத்துத் தர முடியுமா? முடியாது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யின் பழைய இதழ்களை இன்று போனிலேயே வாசிக்கலாம். நம்முடைய போன வருட எழுத்து எங்கே?

2018 மார்ச்சில் பேஸ்புக்கை அரசாங்கம் முடக்கியது. 2019 ஏப்ரலில் முடக்கியது. 2022 ஏப்ரலில் திரும்பவும் முடக்கியது. அன்றைக்கே நமக்கு விளங்கியிருக்க வேண்டும், இது உறுதி இல்லாத காணி என்று. உறுதி இல்லாத காணி என்றால் என்னவென்று மன்னார் முஸ்லிமுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போன சனம் நாம். திரும்பி வந்தபோது கையில் கடதாசி இல்லாதவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் அந்த வெளியேற்றத்தைக் கணக்கெடுத்து எழுதி வைத்தார். 2018இல் மௌத்தானார். அவர் எழுதியது நிற்கிறது. அந்த நாளில் முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஜனாஸா அறிவித்தலோடும் ஒரு புத்தகம் கபுறுக்குப் போகிறது. நாமோ ஒக்டோபர் வந்தால் படம் மாற்றி, நாலு வரி போட்டு, லைக் எண்ணுகிறோம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் சில இளைஞர்கள் 'நூலகம்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கி, ஈழத்துப் புத்தகங்களையும் இதழ்களையும் ஸ்கேன் பண்ணி இலவசமாக ஏற்றினார்கள். அதற்கும் முன்னே, 1998இல், உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் 'மதுரைத் திட்டம்' என்று பழைய நூல்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். அவர்களிடமும் இருந்தது இதே இன்டர்நெட்தான்.

"பீடிஎப் போட்டால் புத்தகம் விற்காது" என்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் கிடப்பது மட்டும் விற்றதா? 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அச்சை மட்டும் நம்பியிருந்தால் நம் கதி என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு ஒரு பத்திரிகை ஆசிரியர் வாசித்து, வெட்டி, திருப்பி அனுப்புவார். இன்று 'அருமை', 'மாஷா அல்லாஹ்' தவிர வேறொன்றும் வருவதில்லை. ல, ள, ழ தெரியாமல் எழுதினாலும் கவிஞர்தான். வகுப்பில் பிள்ளையின் பிழையைச் சிவப்பு மையால் திருத்தும் நாமே நண்பனின் பிழைக்கு இதயம் போடுகிறோம். அது அன்பில்லை, சோம்பல்.

ஆகவே இந்தக் கிழமை மூன்று வேலை. வீட்டிலிருக்கும் பழைய பாடசாலை மலர், பள்ளிவாசல் நினைவு மலர், கவிதைப் புத்தகம் எதுவானாலும் எடுத்து ஸ்கேன் பண்ணி, நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுங்கள். மூத்தம்மாவின் பக்கத்தில் போனை வைத்து, அந்த வள்ளப் பயணத்தைப் பேசச் சொல்லிப் பதிந்து, எழுத்தாக்குங்கள். எழுதியதைப் போடுவதற்கு முன் ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள்.

லைக் போட வேண்டாம். மலர் கிடைத்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.