தாமாரை வாய்மூடச் சொன்னவர்கள்

கோபத்தைப் பற்றி வேதாகமம் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறது என்று யாராவது சொன்னால் எங்கள் சபைப் பெரியவர்களுக்கு முகம் சிவந்துவிடும். நான் ஒத்துக்கொள்கிறேன், முரண் இருக்கிறது. கோபப்பட்டாலும் பாவம் செய்யாதே என்கிறது எபேசியர் நிருபம். மனிதனுடைய கோபத்தால் தேவநீதி விளையாது என்கிறார் யாக்கோபு. மலைப் பிரசங்கத்தில் கோபக்காரனுக்குத் தீர்ப்பு சொன்ன இயேசுவே, மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் ஜெப ஆலயத்தில் இருந்தவர்களைக் கோபத்தோடு சுற்றிப் பார்க்கிறார். அந்த மலைப் பிரசங்க வசனத்திலும் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'நியாயமில்லாமல்' என்றொரு சொல்லை வைத்திருக்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்தச் சொல்லே கிடையாது. பிரதி எடுத்த யாரோ ஒருவருக்கு வசனம் அவ்வளவு கடுமையாக இருப்பது தாங்கவில்லை போலும்!

என் சண்டை இந்த வசனங்களைப் பங்கு பிரிக்கிறவர்களோடுதான். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனுக்கு, தேவனும் கோபப்படுகிறவர்தானே என்று ஒரு சலுகை. அடிவாங்கினவளுக்கு, பொழுது சாய்வதற்குள் சமாதானமாகிவிடு என்று ஆலோசனை. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னதும் அவளுக்கே. கண்ணுக்குக் கண் என்ற சட்டத்தை எடுத்துவைத்துவிட்டுத்தான் இயேசு அதைச் சொல்கிறார். திருப்பி அடிக்கும் உரிமை கையில் இருந்தவனிடம் அதை விட்டுக்கொடு என்கிறார். அந்த உரிமை ஒருநாளும் இல்லாதவள் எதை விட்டுக்கொடுப்பாள்?

2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்னோன் தன் சகோதரி தாமாரைப் பலவந்தப்படுத்துகிறான். அதற்கு முன்பே அவள் வாதாடுகிறாள். இது மதிகேடு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். பிறகு தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடுப்பைக் கிழித்துக்கொண்டு, தெருவெல்லாம் கேட்க அழுதுகொண்டு போகிறாள். கூடப்பிறந்த அப்சலோம், அவன் உன் அண்ணன், பேசாமலிரு என்கிறான். தகப்பனான தாவீது ராஜாவுக்கு மிகுந்த கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறது. கோபம் வந்தது, அவ்வளவுதான். ஒரு விசாரணை இல்லை. மூத்த மகன்மேல் இருந்த பாசம்தான் காரணம் என்று பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஒரு வரி சேர்க்கிறது.

அரண்மனையில் இரண்டு வருஷம் அமைதி. அதன்பின் ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்கிறான். பிறகு தகப்பனுக்கு எதிராகவே கலகம். எப்பிராயீம் காட்டில் ஒரே நாளில் இருபதாயிரம் பேர் சாவு. ஆண்கள் கோபப்பட்டார்கள், பழிவாங்கினார்கள். தாமாரோ அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருந்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. இந்த அதிகாரத்தை ஞாயிறு ஆராதனையில் வாசித்து நான் கேட்டதேயில்லை.

இது பிரசங்க மேடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிறிஸ்தவர்களுக்காக வந்த 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், மனைவிக்கு வேறொருவரோடு உறவு என்று கணவன் நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது மட்டும் போதாது. கொடுமை, கைவிடுதல் என்று இன்னொன்றும் சேர வேண்டும். அடி உதை மட்டுமே என்றால் விவாகரத்து கிடையாது. நாடு முழுவதற்குமாக இது திருந்தியது 2001-இல். 132 வருஷம்!

பழிவாங்குதல் தேவனுடைய வேலை, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதே என்பார்கள். அது ரோமர் 12. பக்கத்தைத் திருப்பினால் 13-ஆம் அதிகாரத்தில், தீமை செய்கிறவனைத் தண்டிக்கிற அதிகாரி தேவனுடைய ஊழியக்காரன் என்று இருக்கிறது. அரசாங்கத்துக்கு அடங்கிப்போ என்று சொல்ல மட்டும் நம்மவர்கள் அந்த அதிகாரத்தைத் திறப்பார்கள்.

லூக்கா 18-இல் ஒரு விதவை அநீதியுள்ள நீதிபதியிடம் விடாமல் போய் வழக்குப் பேசுகிறாள். பவுல் 'பழி' என்று எழுதிய கிரேக்கச் சொல்லும், அவள் கேட்பதும் ஒரே வேர். தமிழில் ஒன்று பழி ஆயிற்று, மற்றது நியாயம் ஆயிற்று. அவள் தன்னை அலட்டுவாள் என்று நீதிபதி பயப்படும் இடத்தில் உள்ள வினைச்சொல்லுக்கு, கண்ணுக்குக் கீழே குத்துவது என்று நேர்ப்பொருள். இந்த உவமையை எங்கள் சபையில் 'சோர்ந்துபோகாமல் ஜெபியுங்கள்' என்று பிரசங்கிக்கிறார்கள். லூக்காவும் அப்படித்தான் தொடங்குகிறார், சரி. ஆனால் அந்தப் பெண் திரும்பத் திரும்பப் போனது நீதிபதியிடம். அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்களேன், ஐயா.