பாதத்தைக் கேட்டுப் பாதரட்சை வாங்குக

மலையேறப் புறப்படுகிறவர்களின் மூட்டையைப் பார்த்தால் அதில் இட்லி, மிளகாய்ப் பொடி, கம்பளி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். அத்தனையையும் சுமக்கப்போகும் இரண்டு பாதங்களைப் பற்றி நினைப்பவர் மட்டும் அரியர். இதைச் சொல்லும் யோக்கியதை நமக்கு எப்படி வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

2018-ஆம் ஆண்டில் நம் மாணவர்களைக் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்றோம். எல்லோரும் புதுப் பூட்ஸுடன் வரவேண்டும் என்று உத்தரவு. நாமும் முதல் நாள் காலையில் அவசரமாக ஒரு ஜோடு வாங்கினோம். ஒரே ஒரு பையன் பழைய தோல் செருப்புடன் வந்து நின்றான். நாலு பேர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம்.

அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போதே கால்விரல்கள் பூட்ஸின் முனையில் மோதின. ஏறும்போது குதிகாலில் கொப்புளம். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டோம். "ஸார், என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று வந்தவன் அந்தப் பையன்தான். அவன் செருப்பைக் கவனித்தோம். பின்பட்டை உள்ளது, காலுக்குப் பழகியது, அடியில் டயர் ரப்பர் வைத்துப் புதிதாகத் தைத்திருந்தது. அன்றிரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அன்று கற்ற பாடங்கள் இவை. பகலெல்லாம் நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும்; ஆகையால் மாலையில் வாங்குவதே உத்தமம். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பதில்லை; பெரியதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். மலையில் அணியப்போகும் காலுறையுடன் எழுந்து நின்று பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. வாங்கியதை இரண்டு மூன்று வாரம் கடைத்தெருவுக்குப் போட்டுப் பழக்குங்கள்.

இறங்குமுன் கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே வழுக்காது. நகங்களை முன்பே நேராக வெட்டிவிடுங்கள். பருத்திக் காலுறை வியர்வையைத் தேக்கும். ஈரத் தோலில் உராய்வு பட்டால் கொப்புளம்தான். கம்பளிக் கலப்பு நல்லது. எங்கேனும் சுருக்கென்று எரிந்தால் அப்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். சிறு கொப்புளத்தை உடைக்க வேண்டாம். நீரிழிவுள்ளோருக்குப் பாத உணர்ச்சி மங்கியிருக்கலாம். அவர்கள் தினமும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது அவசியம்.

மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றவர். தாம் தைத்த ஒரு ஜோட்டை 1914-இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அளித்தார். பல கோடைகள் அதை அணிந்த ஸ்மட்ஸ், 1939-இல் மரியாதையுடன் திருப்பி அனுப்பினார். எதிராளியின் காலுக்கும் இதமாகத் தைத்த கை அது! நம் தெருமுனையில் உட்கார்ந்து தைப்பவரின் கையும் அத்தகையதே. அடுத்த மலைக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம். மாணவர்களுக்கு உத்தரவிடுமுன் அவர்கள் பாதத்தையும் ஒரு தரம் பார்ப்போம்.